போதிதருமர் வரலாறும் நடுநிலைச் சான்றும்

சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலை வணங்கிப் பின்புறத்து ரேஸ்கோர்ஸ் சாலையில் சற்றே நடந்தால், எதிரெதிராக அமைந்த இரண்டு பௌத்தக் கோயில்களைக் காணலாம். ஒன்று லோங் சான் எனப்படும் சீனக் கோயில். மற்றொன்று தாய்லாந்துத் துறவி வுத்திசாரர் 1927ஆம் ஆண்டில் நிறுவிய சாக்கியமுனி புத்தகயா கோயில். ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தில் அமர்ந்த கோலத்தில் புத்தர் அங்கே காட்சி தருகின்றார். அவரைச் சூழ்ந்த விளக்குகளால் மக்கள் அதனை ஆயிரம் விளக்குக் கோயில் என்று வழங்குவர். பீடத்தைச் சுற்றிவந்தால் புத்தர் பெருமானின் வாழ்க்கைக் காட்சிகள் தீட்டப்பட்டிருப்பதைக் காணலாம்.

என் மாணவர் சிலரோடு அக்கோயிலுக்குச் சென்றிருந்தபோது, அக்காட்சிகளைப் பார்த்துக்கொண்டே வந்த ஒருவன் என்னருகே வந்து, "ஐயா, சீனாவிற்குத் தியானத்தைக் கொண்டுசென்ற போதிதருமர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர்தாமே? என் கட்டுரையில் அவ்வாறே எழுதியிருக்கிறேன்" என்றான். எந்த நூலில் படித்தாய் என்று வினவினேன். நூலில் அன்று, 2011ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படத்தில் கண்டதாகச் சொன்னான்.

அவனைக் கண்டு நகைக்கும் உரிமை எனக்கில்லை. பல்லாண்டுகளுக்கு முன், இலக்கிய விழா மேடையொன்றில் யானும் அதே செய்தியை முழங்கிக் கைதட்டல் பெற்றவன். விழா முடிந்தபின், அவையில் இருந்த சீன ஆசிரிய நண்பர் ஒருவர் மிகுந்த பணிவோடு, "போதிதருமர் பெயர் காஞ்சியின் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? நானும் படிக்க விரும்புகிறேன்" என்று கேட்டார். அவர் கேள்வியில் குத்தல் இல்லை. உண்மையான ஆர்வமே இருந்தது. விடைகூற இயலாமல் யான் நின்ற நிலை இன்றும் நினைவில் இருக்கின்றது. அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

தியான ஆசான் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு முதலில் எதிர்ப்படும் இடர் ஒன்றுண்டு. அவரைப் பற்றி அறிந்தோர் பெரும்பாலும் அவர்தம் மாணாக்கர். மாணாக்கரோ ஆசானை வணங்குவோர். வணங்குவோர் எழுதுவது பொய்யாகும் என்பதன்று. அவர் எழுதுவது வளரும் என்பதே கருத்து. தமிழாசிரியர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சுந்தரர் 11 பாடல்களில் அடியார் பெயர்களைத் தொகுத்தார். நம்பியாண்டார் நம்பி அவற்றை ஓர் அந்தாதியாக விரித்தார். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் நாலாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்களால் பெரியபுராணம் பாடினார். அடியார் பெருமை குன்றவில்லை. காப்பியம் ஒன்று தமிழுக்குக் கிடைத்தது. எனினும் கண்ணப்பர் எந்த நூற்றாண்டில் வாழ்ந்தார் என்று ஆராய்வோன் சேக்கிழாரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முடிவு கூறமாட்டான். போதிதருமர் வரலாறும் இவ்வாறே வளர்ந்தது. வளர்ந்த படிகள் ஒவ்வொன்றும் எழுத்தில் நிற்பதே நமக்கு வாய்த்த நற்பேறு.

அவரைக் குறிக்கும் மிகப் பழைய எழுத்து கி.பி. 547ஆம் ஆண்டை ஒட்டியது. வடக்கு வெய் அரசின் தலைநகராக விளங்கிய லோயாங் 534இல் கைவிடப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அவ்வூர் வழியே சென்ற யாங் சுவான்சி என்னும் அரசு அலுவலர், இடிந்து கிடந்த மடங்களைக் கண்டு உளம் நொந்தார். முன்னாளில் அவை பொலிந்த பொலிவை மறவாதிருக்க ஒரு நூல் எழுதினார். 516ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டு 534இல் தீக்கிரையான யுங்னிங் கோயிலின் மாபெரும் கோபுரத்தை வருணிக்கும் இடத்தில், போதிதருமர் என்னும் வெளிநாட்டுத் துறவி ஒருவரை அவர் நம்முன் நிறுத்துகின்றார். அத்துறவி தமக்கு அகவை 150 என்று கூறிக்கொண்டாராம். பல நாடுகளைச் சுற்றியும் இத்தகைய கோபுரத்தைக் கண்டதில்லை என்று வியந்தாராம். கைகூப்பியவாறே பல நாள் 'நமோ' என்று ஓதிக்கொண்டிருந்தாராம். அவ்வளவே செய்தி. தியானம் பற்றி ஒரு சொல்லும் இல்லை, சீடர் இல்லை, சுவர் இல்லை, மன்னர் இல்லை.

இந்த யாங் சுவான்சி போதிதருமரின் மாணாக்கர் அல்லர். அவர் புகழைப் பரப்புவதால் இவருக்கு வரும் ஊதியமும் இல்லை. இவருடைய அக்கறையெல்லாம் கோபுரத்தின் மீதே. கோபுரத்தின் அழகுக்குச் சாட்சியாகவே அயல்நாட்டு முதியவரை அழைத்துவருகின்றார். காலத்தாலும் மிக நெருங்கியவர். ஒரு வழக்கில் நடுநிலைச் சாட்சி வேண்டும் என்றால் நீதிபதி முதலில் இவரையே அழைப்பார். ஆனால் இவர் சொல்லும் ஊர் யாது? அத்துறவி மேற்றிசையினர், பாரசீக நாட்டினர் என்று எழுதுகின்றார்!

இவ்விடத்தில் நம் மனம் என்ன செய்கின்றது என்பதை நாமே உற்றுநோக்க வேண்டும். "அவர் தவறாக எழுதியிருப்பார்" என்று உடனே சொல்லத் தோன்றுகின்றது. தவறாகவும் எழுதியிருக்கலாம், மேற்றிசையிலிருந்து வந்தோரையெல்லாம் ஒரே கூட்டத்தாராக எண்ணும் வழக்கம் அக்காலச் சீனரிடம் இருந்திருக்கலாம். இவர் கண்ட துறவியும் தியான ஆசானும் ஒருவர்தாமா என ஐயுற்ற ஆராய்ச்சியாளரும் உளர். ஆயினும் நமக்கு உவப்பான செய்தி என்றால் எழுதியவரைப் போற்றுவதும், உவவாத செய்தி என்றால் அவரைத் தள்ளுவதும் ஆராய்ச்சியாகாது. பாரசீகம் என்பதற்குப் பதிலாகக் காஞ்சி என்று யாங் சுவான்சி எழுதியிருப்பின், அவர் பெயரை நம் மாணவர் அனைவரும் மனப்பாடம் செய்திருப்பர்.

இரண்டாவது சான்று அதே 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. போதிதருமர் வழிவந்தோருள் ஒருவரான டான்லின், ஆசானின் போதனையாக வழங்கும் சிறு நூலொன்றிற்கு முன்னுரை வரைந்தார். அதில், ஆசான் தென்னிந்தியர், பேரரசர் ஒருவரின் மூன்றாம் மகன், மலையும் கடலும் கடந்து சீனம் வந்தார் என்று கூறுகின்றார். டாவ்யூ, ஹுய்க என்னும் இரு மாணாக்கர் பெயரையும் தருகின்றார். 'தென்னிந்தியா' என்னும் குறிப்பு முதன்முதலில் நமக்குக் கிடைப்பது இங்கேதான். மன்னர் பெயரோ நகரின் பெயரோ இல்லை.

மூன்றாவதாக டாவ்சுவான் என்னும் துறவி 645ஆம் ஆண்டில் தொகுத்த 'மேன்மைமிகு துறவியர் வரலாற்றுத் தொடர்ச்சி'. இவர் தியான நெறி ஒன்றற்கே உரியவர் அல்லர். பல நெறித் துறவியர் வாழ்க்கையையும் திரட்டிய தொகுப்பாசிரியர். போதிதருமர் தென்னிந்திய அந்தணர் குலத்தினர், சோங் அரசின் காலத்தில் தெற்குக் கரையில் வந்திறங்கினார், பின்னர் வடக்கே வெய் நாட்டிற்குச் சென்றார் என்பது இவர் கூற்று. அந்தச் சோங் அரசு 479இல் முடிவுற்றது. போதிதருமருக்கென எழுதிய பகுதியின் இறுதியில், அவர் வாழ்வு எங்கே முடிந்தது என அறியக்கூடவில்லை என்றும் எழுதிவிட்டார். எனக்கு இவ்வாசிரியர்மீது நன்மதிப்பை உண்டாக்கியது அந்த ஒரு வரியே. அறியாததை அறியேன் என்று எழுதத் துணிந்தவன், அறிந்ததாக எழுதியவற்றிலும் சற்று நம்பத்தக்கவன்.

"தென்னிந்தியர் என இருவர் கூறுகின்றனர், பாரசீகர் என ஒருவரே கூறுகின்றார், ஆகவே தென்னிந்தியர் என்பதே வெற்றி" என மாணவர் எண்ணக்கூடும். சான்றுகளை எண்ணக்கூடாது, நிறுக்க வேண்டும். டாவ்சுவான் டான்லினின் முன்னுரையைப் படித்துப் பயன்படுத்தியவர் என்பது இரண்டையும் ஒப்பிடுவார்க்குத் தெளிவாகும். அப்படியாயின் தென்னிந்தியப் பிறப்பைப் பொறுத்தவரை இரு சாட்சிகளும் ஒருவரே. மாணவன் ஒருவனின் விடைத்தாளைப் பார்த்து எழுதிய மற்றொருவனை நாம் இரண்டாம் சான்றாகக் கொள்வதுண்டோ? எனினும் டான்லின் ஆசானின் வட்டத்திற்குள் இருந்தவர். ஆசானின் நாட்டை அறியும் வாய்ப்பு, கோபுரம் பார்த்து எழுதியவரைவிட அவருக்கு மிகுதி. அரசர் மகன் என்பதில் பத்திக் கலப்பு இருக்கலாம். புத்தரே அரசர் மகன் அல்லரோ! தென்னிந்தியர் என்பதில் அத்தகைய ஆதாயம் ஒன்றும் தெரியவில்லை. எனவேதான் அறிஞர் பலர் பிறப்பிடம் தென்னிந்தியா என்பதை ஏற்கத்தக்கதாகக் கருதுகின்றனர். யானும் அவ்வாறே கருதுகின்றேன்.

இதன்பின் வருவது வளர்ச்சிக் காலம். டான்லின் தரும் போதனையில் 'சுவர்நோக்கு' என்னும் ஒரு சொல் உண்டு. மனம் சுவர்போல் அசையாது நிற்றலைக் குறித்ததோ, வேறு பொருளுடையதோ, அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர். சில நூற்றாண்டுகளில் அச்சொல் ஒரு நிகழ்ச்சியாயிற்று. ஷாவோலின் மடத்தருகே குகையில் ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்து அமர்ந்தார் என்று கதை எழுந்தது. உறக்கம் வந்தமைக்குச் சினந்து கண்ணிமைகளை அறுத்தெறிய, அவை தேயிலைச் செடிகளாய் முளைத்தன என்பது அதற்கும் பிந்தியது. காலையில் தேநீர் அருந்தும்போதெல்லாம் அக்கதை எனக்கு நினைவுக்கு வரும். கதை என்ற அளவில் அதனை யான் விடமாட்டேன்.

லியாங் நாட்டுப் பேரரசர் வூவைப் போதிதருமர் சந்தித்த காட்சி மிகப் புகழ் வாய்ந்தது. கோயில்கள் கட்டினேனே, எனக்கு எவ்வளவு புண்ணியம் என்று மன்னர் வினவ, புண்ணியம் ஏதுமில்லை என்று துறவி விடை பகர்ந்தார் என்பர். அழகிய காட்சிதான். ஆனால் 6ஆம் நூற்றாண்டு எழுத்தில் இது இல்லை, டாவ்சுவானிலும் இல்லை. சென்ஹுய் என்னும் துறவியின் உரைகளில், 8ஆம் நூற்றாண்டில்தான் முதன்முதல் தலைகாட்டுகின்றது. சென்ஹுய் யார்? தம் ஆசான் ஹுய்நெங்கே போதிதருமரின் உண்மையான ஆறாம் வழித்தோன்றல் என்று நிலைநாட்ட, 732இல் அவை கூட்டி வாதிட்டவர். முதலாம் ஆசானின் பெருமை உயர உயர, ஆறாம் ஆசானின் உரிமையும் உயருமன்றோ! மேலும், வூ அரியணை ஏறியது 502ஆம் ஆண்டில். போதிதருமரோ 479க்கு முன்னரே தெற்கில் இறங்கிப் பின் வடக்கே சென்றவர் என்கிறார் டாவ்சுவான். கணக்கு எளிதில் பொருந்துவதாக இல்லை.

இச்செய்தி எவ்வாறு தெரியவந்தது என்பதும் ஒரு சுவையான வரலாறு. 1900ஆம் ஆண்டில் துன்ஹுவாங் குகையொன்றில், நூற்றாண்டுகளாக அடைபட்டுக் கிடந்த சுவடிகள் வெளிப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதியை இலண்டனுக்கும் பாரிசுக்கும் கொண்டுசென்றனர். சீனப் பேரறிஞர் ஹூ சி, 1926இல் அந்நகரங்களுக்குச் சென்று சுவடிகளைப் புரட்டியபோது, மறைந்துபோனதாக எண்ணியிருந்த சென்ஹுய்யின் எழுத்துகள் அவர் கையில் சிக்கின. மடங்கள் பாதுகாத்துவந்த வரலாற்றை, மடங்கள் மறந்துவிட்ட சுவடிகள் திருத்தின. நம் உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்ததைப் படித்தவர்க்கு அந்த நாள்களில் ஹூ சி பெற்ற மகிழ்ச்சி விளங்கும்.

இனிக் காஞ்சிக்கு வருவோம். 1004ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட 'விளக்கு வழங்கிய வரலாறு' என்னும் சீன நூல், போதிதருமரைத் தென்னிந்தியாவின் 'சியாங்சி' நாட்டு மன்னரின் மூன்றாம் மகன் என்கின்றது. 'நறுமணம் வந்தடைதல்' என்பது அச்சீனச் சொல்லின் பொருள். அதன் ஒலி 'காஞ்சி'யை ஒத்திருப்பதாகப் பிற்கால அறிஞர் சிலர் கருதினர். காஞ்சி என்றவுடன் பல்லவர் வந்தனர். பல்லவர் வந்தவுடன் இளவரசர் வந்தார். போதிதருமர் காலத்திற்கும் அந்நூலுக்கும் இடையே ஏறத்தாழ 500 ஆண்டு இடைவெளி. அதன் மேல் ஓர் ஒலியொப்புமை. அந்த ஒப்புமையின் மேல் ஓர் அரச குடும்பம். இவ்வளவு மெல்லிய கயிற்றில்தான் அன்று யான் மேடையில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

யுவான் சுவாங் 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காஞ்சியைப் பற்றி எழுதியவர். ஊரின் பெயரை 'சியன்சிபூலோ' என்று எழுத்துப்பெயர்க்கின்றார். நூற்றுக்கும் மேற்பட்ட மடங்கள், பதினாயிரம் துறவியர் என்று கணக்குச் சொல்கின்றார். தருமபாலர் என்னும் பேராசான் பிறந்த ஊர் இதுவே என்றும் பெருமையோடு குறிக்கின்றார். போதிதருமரை அவ்விடத்தில் நினைவுகூரவில்லை. ஆயினும் இந்த மௌனத்தைக் கொண்டு, போதிதருமர் காஞ்சியினர் அல்லர் என்று தீர்த்துவிடுதலும் முறையன்று. யுவான் சுவாங் காலத்தில் போதிதருமரைத் தலைமை ஆசானாகக் கொண்ட நெறி பெரும்புகழ் பெற்றிருக்கவில்லை. புகழ் பெறாதவரின் ஊரைத் தேடி எவரும் எழுதார். பல்லவர் செப்பேடுகளிலும் அவர் பெயர் இல்லை. அரியணை ஏறியோரின் வழிமுறையைச் சொல்லும் செப்பேட்டில், துறவு பூண்டு கடல் கடந்த மூன்றாம் மகனுக்கு இடம் ஏது? ஆகவே காஞ்சி என்பது மறுக்கப்பட்ட செய்தியன்று, நிறுவப்படாத செய்தி.

காஞ்சியில் பௌத்தம் தழைத்திருந்தது என்பதற்கோ சான்று நிறைய உண்டு. மணிமேகலை இறுதியில் சென்றடையும் நகர் காஞ்சி. பல்லவ மகேந்திரவர்மர் 'மத்தவிலாசம்' என்னும் வடமொழி நகைச்சுவை நாடகத்தில், அவ்வூர்ப் பௌத்தத் துறவி ஒருவரை வயிறார நகையாடுகின்றார். மாற்றுச் சமயத்தாரின் நையாண்டியும் ஆராய்ச்சியாளனுக்கு நல்ல சான்றே. துறவியரும் மடமும் ஊரில் இல்லையென்றால், அரசர் எழுதிய நாடகத்தைக் கண்டு யார் சிரித்திருப்பர்? வணங்குவோர் எழுத்தையும் வைவோர் எழுத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், இரு சாராரும் ஒப்புக்கொள்ளும் செய்தி தானே மேலெழுந்து வரும். நடுநிலை என்பது பல வேளைகளில் ஒரு நூலுக்குள் இருப்பதில்லை. இரண்டு நூல்களுக்கு இடையே இருக்கின்றது.

ஆசான் தாமே எழுதிவைத்த குறிப்பு கிடைக்குமாயின் அதற்கு ஈடில்லை. உறையூரினராகக் கருதப்படும் புத்ததத்தர், தாம் இயற்றிய பாலி நூலின் முடிவில், சோழநாட்டுப் பூதமங்கலத்து மடத்தில் தங்கி, களப்பிர மன்னன் அச்சுதவிக்கந்தன் ஆட்சியில் அதனை எழுதியதாகப் பதிந்துள்ளார். களப்பிரர் காலத்தை ஆராய்வோர்க்கு அவ்வரிகள் பொன்னினும் அரியவை. தியானத்திற்கு இலக்கண நூலாக இன்றளவும் போற்றப்படும் 'விசுத்திமக்கம்' இயற்றிய புத்தகோசரின் நிலை இதனின் வேறானது. போதிமரத்தருகே பிறந்த அந்தணர் என்று அவரைக் கூறும் இலங்கைச் சூளவம்சப் பகுதி, அவர் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. அவர்தம் உரைநூல்களின் முடிவுரைகளோ, காஞ்சியிலும் மயூரபட்டினத்திலும் உடன் தங்கிய துறவியரை நினைவுகூர்கின்றன. இவற்றை ஒப்புநோக்கிய தருமானந்த கோசம்பி, அவரை வடநாட்டவர் என்னும் கூற்றை ஏற்க மறுத்தார். காஞ்சியில் தங்கினார் என்பதற்குப் புத்தகோசர் வாய்மொழியே உண்டு. பிறந்தார் என்பதற்கு இல்லை. தங்கியதைப் பிறந்ததாக மாற்றும் ஆசை நம்மவர்க்கு இங்கும் உண்டு.

அண்மைக் கால ஆசான்களிடம் வந்தாலும் இதே முறைதான் கைகொடுக்கின்றது. பர்மாவில் 1899இல் பிறந்து 1971இல் மறைந்த ஊ பா கின், தியான ஆசானாக இருந்துகொண்டே, 1948இல் விடுதலை பெற்ற அந்நாட்டின் தலைமைக் கணக்காயராகவும் பணியாற்றியவர். அவர் மாணாக்கரும் மண்டலேயில் பிறந்தவருமான கோயங்கா, 1969 முதல் இந்தியாவில் தியான முகாம்கள் நடத்தி உலகறிந்தவரானார். இவர்களைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் அன்பர்கள் எழுதியவை. அவற்றில் ஆசான்களின் வழிமுறை ஓர் ஒழுங்கான சங்கிலியாகக் காட்சி தரும். சென்ஹுய்யைப் படித்தவன் அச்சங்கிலியைக் கண்டதும் சற்றே நிதானிப்பான். ஆனால் அரசு அலுவலரான ஆசானுக்கு அரசின் ஏடுகள் உண்டு. அக்காலச் செய்தித்தாள்கள் உண்டு. போதிதருமருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நம் சிங்கப்பூரிலும் அவ்வாய்ப்பு உண்டு. ரேஸ்கோர்ஸ் சாலைக் கோயிலை நிறுவிய வுத்திசாரர் போன்றோரின் வரலாற்றைத் தேட விழையும் மாணவன், கோயிலார் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு அத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. தேசிய நூலகம் பழைய ஆங்கிலச் செய்தித்தாள்களையும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' இதழ்களையும் கணினியில் படிக்கத் தந்திருக்கின்றது. தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் முதியோரின் வாய்மொழி வரலாற்றைப் பதிந்து வைத்திருக்கின்றது. வாய்மொழியிலும் மறதி உண்டு. செய்தித்தாளிலும் பிழை உண்டு. ஒன்றன் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுக்கும்.

அன்று ஆயிரம் விளக்குக் கோயிலிலிருந்து திரும்பிய பின், அம்மாணவனோடு அமர்ந்து இச்சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தேன். அவன் முகம் சற்று வாடியது. "அப்படியானால் அவர் நம்மவர் இல்லையா, ஐயா?" என்று கேட்டான். இல்லை என்று யான் சொல்லவில்லை என்றேன். இரண்டு நாள் கழித்துக் கட்டுரையைத் திருத்திக் கொணர்ந்தான். 'பல்லவ இளவரசர்' என்பதை அடித்துவிட்டு, அவ்விடத்தில், தென்னிந்தியர் என 6ஆம் நூற்றாண்டில் டான்லின் எழுதுகிறார், பாரசீகர் என அதே நூற்றாண்டில் யாங் சுவான்சி எழுதுகிறார், காஞ்சி என்பது பிற்கால ஊகம் என்று மூன்று வரிகள் சேர்த்திருந்தான். அதன் கீழே பென்சிலால், "ஐயா, பாரசீகரை விட்டுவிடலாமா?" என்று சிறிய எழுத்தில் ஒரு கேள்வி. விடக்கூடாது என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவன் அனுமதியோடு அக்கட்டுரையின் படியொன்றை, முன்னாளில் என்னைக் கேள்வி கேட்ட சீன நண்பருக்கும் பொருள் சொல்லி அனுப்பிவைத்தேன்.